நெய்ச் சட்டியும் செஞ்சி மலையும்: ஒரு மலைக்கோட்டை எப்படி இயங்கியது?

வெண்ணெய் உருக்கி நெய் எடுத்து வைக்கும் நாளில் அடுக்களைக்கு மூன்று எதிரிகள்: எறும்பு, எலி, பூனை. எறும்பு வராமலிருக்க அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் நெய்ச் சட்டியை வைப்பார்கள். எலி உருட்டாமலிருக்கக் கனமான மூடியைப் போட்டு, அதன் மேல் குழவியைத் தூக்கி வைப்பார்கள். பூனைக்கு இந்த இரண்டும் போதாது. அது தட்டைத் தாண்டும், மூடியைத் தள்ளும். அதற்காகத்தான் உத்தரத்திலிருந்து உறி தொங்கும். தட்டு, மூடி, உறி என்று மூன்று காவல் ஆயிற்று. இவை மூன்றும் சரியாக இருந்தாலும், குதிரில் நெல்லும் குடத்தில் தண்ணீரும் இல்லையென்றால் அந்த வீட்டில் உலை ஏறாது.

செஞ்சிக் கோட்டை இந்த நான்கையும் வைத்துத்தான் இயங்கியது. அகழிதான் தட்டுத் தண்ணீர். மதிலும் வாயிலும் மூடி. மலையுச்சி உறி. களஞ்சியமும் குளமும் குதிரும் குடமும். செஞ்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதல் மூன்றைப் பற்றியே பேசுகிறார்கள். தேசிங்குராஜன் கதை கேட்டு வளர்ந்த நமக்குக் குதிரையும் வாளும் நினைவிருக்கிற அளவுக்கு நெற்களஞ்சியம் நினைவில் இல்லை. அந்தக் கோட்டை நின்றதும் விழுந்ததும் பெரும்பாலும் நான்காவதன் கணக்கில்தான் என்பது என் துணிபு.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் 28 கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்து வந்தால் 40 கிலோமீட்டர் அளவு. வயலும் ஏரியுமாக வந்துகொண்டிருக்கும் நிலத்தில் திடீரென்று பாறைகளைக் கொட்டிக் குவித்த குன்றுகள் எழும். அவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் கோட்டை கட்டினார்கள். மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி. மூன்றும் முக்கோணமாக நிற்கின்றன. மூன்றையும் மதிலால் இணைத்து நடுவிலிருந்த சமவெளியையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். மதிலின் மொத்த நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர், உள்ளே அடங்கிய பரப்பு 11 சதுர கிலோமீட்டர். இன்றைய திருவண்ணாமலைச் சாலையே அந்த மதிலைப் பிளந்துகொண்டுதான் போகிறது. பேருந்தில் உட்கார்ந்தபடியே கோட்டைக்குள் நுழைந்து வெளியே வந்துவிடுகிறோம்.

உலகில் மலைக்கோட்டைகள் மிகுதியாக உள்ள நாடுகளில் ஒன்று கொரியா. மலையும் பள்ளத்தாக்குமான அந்த நாட்டில் கோகுர்யோ, பெக்சே, சில்லா ஆகிய மூன்று பழைய அரசுகளும் மலைக்கு மலை கோட்டை கட்டின. அங்கே இரண்டு வகை உண்டு. ஒன்று, மலையின் தலையைச் சுற்றி வளையம்போல் மதில் கட்டுவது. இன்னொன்று, முகடுகளின் மேல் மதிலை ஓடவிட்டு, இடையில் கிடக்கும் பள்ளத்தாக்கையும் ஓடையையும் சேர்த்து உள்ளே அடைத்துக்கொள்வது. முதல் வகை சிறிய காவல் படைக்குப் போதும். நாள்பட்ட முற்றுகையைத் தாங்க இரண்டாவது வகைதான் வேண்டும், ஏனென்றால் தண்ணீர் பள்ளத்தில்தான் நிற்கும். செஞ்சியில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு குன்றின் தலையிலும் தனி வளையம். மூன்றுக்கும் சேர்த்துப் பள்ளத்தை வளைத்த பெருமதில்.

யார் கட்டினார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1200ஐ ஒட்டி ஆனந்தக் கோன் ராஜகிரியில் அரண் அமைத்தார் என்றும், அவர் வழிவந்த கிருஷ்ணக் கோன் கிருஷ்ணகிரியை வலுப்படுத்தினார் என்றும் மரபு வழிச் செய்தி. பிறகு விஜயநகரப் பேரரசு வந்தது. அதன் கீழ் ஆண்ட செஞ்சி நாயக்கர்கள்தான் 16ஆம் நூற்றாண்டில் இன்று நாம் பார்க்கும் பெரும்பாலான கட்டடங்களை எழுப்பினார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில் வந்த பிமென்டா என்ற இயேசு சபைப் பாதிரியார், லிஸ்பனைத் தவிரப் போர்ச்சுகலில் இதைவிடப் பெரிய ஊர் இல்லை என்று எழுதி வைத்தார். 1649-இல் பீஜப்பூர் சுல்தானின் படை பிடித்தது. 1677-இல் சிவாஜி, 1698-இல் முகலாயர், அடுத்து ஆற்காட்டு நவாபுகள், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர், 1780-இல் ஹைதர் அலி. இத்தனை கை மாறிய கோட்டையைத்தான் சிவாஜி இந்தியாவிலேயே வெல்ல முடியாத கோட்டை என்றார், ஆங்கிலேயர் கிழக்கின் டிராய் என்றார்கள். முரணாகத் தோன்றும். அது ஏன் முரண் இல்லை என்பது கோட்டை வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் புரியும்.

முதலில் தட்டுத் தண்ணீர். அகழியின் அகலம் 80 அடி அளவு. எறும்புக்கு ஒரு விரற்கடைத் தண்ணீரே கடல். மனிதனுக்கு 80 அடி அகழி கடல் இல்லை. நீந்தலாம், தெப்பம் கட்டலாம். ஆனால் அகழியின் வேலை ஆளை முழுவதும் தடுப்பது என்று நினைக்கத் தேவையில்லை. ஏணி, பாரம், வெடிமருந்து, பீரங்கி ஆகியவற்றை மதிலடிக்குக் கொண்டு வரவிடாமல் செய்வதுதான் அதன் தலையாய வேலை. மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடி வைக்க வருகிறவனுக்கு அகழி பெரிய தலைவலி. சுரங்கம் அகழியின் அடிக்கும் கீழே போக வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் புகுந்து வேலை கெடும். அகழியைத் தூர்க்க முயன்றால் மண்கூடையோடு வருகிறவன் மதில் மேலிருப்பவனுக்கு எளிய இலக்கு.

அடுத்து மூடி. வெளிமதிலைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒரே கல்லடுக்காகத் தெரிவது உண்மையில் இரண்டு கற்சுவர்கள். வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று. இடையில் மண்ணும் கல்சில்லும் இட்டு நிரப்பியிருக்கிறார்கள். மொத்தக் கனம் சில இடங்களில் 60 அடிக்கும் மேல். இந்த மண் நிரப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. கற்சுவர் மட்டும் என்றால் பீரங்கிக் குண்டு பட்ட இடத்திலிருந்து விரிசல் ஓடும். மண் அந்த அதிர்ச்சியை வாங்கித் தன்னுள் அடக்கிக்கொள்ளும். முகப்புக் கல் உதிர்ந்தாலும் உள்ளே மண் சரிந்து ஒரு மேடாகத்தான் நிற்கும். பீரங்கி வருவதற்கு முன் தொடங்கிய கோட்டை பீரங்கிக் காலத்திலும் பயன்பட்டதற்கு இது ஒரு காரணம்.

மூடியில் மிகவும் பலவீனமான இடம் அதைத் திறக்கும் கைப்பிடிப் பக்கம்தான். கோட்டைக்கு அது வாயில். வெளிமதிலில் வடக்கே ஆற்காட்டு வாயில், கிழக்கே புதுச்சேரி வாயில். செஞ்சியின் வாயில்களில் நுழைகிறவர் நேராக உள்ளே போய்விட முடியாது. ஒரு வாயிலைக் கடந்ததும் எதிரே சுவர் நிற்கும். பக்கவாட்டில் திரும்ப வேண்டும், சிறிது தூரம் போய் மறுபடி திரும்ப வேண்டும். இருபுறமும் உயர்ந்த சுவர், மேலே காவல். யானையை ஓடவிட்டுக் கதவை இடிப்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். யானைக்கு வேகம் எடுக்கப் பத்துப் பதினைந்து பாகமாவது நேர்வழி வேண்டும். திருப்பம் இருந்தால் அது வந்து நின்று, திரும்பி, நடந்து போய்த்தான் அடுத்த கதவை முட்ட முடியும். அதற்குள் மேலிருந்து கல்லும் அம்பும் கொதிக்கும் எண்ணெயும் இறங்கிவிடும். பெரிய படையோடு வந்தவனும் அந்தத் திருப்பத்தில் நாலைந்து பேராகத்தான் நுழைய வேண்டும். படையின் பெருக்கம் அங்கே எந்தப் பயனும் தருவதில்லை.

மூன்றாவது, உறி. அது ராஜகிரி. 800 அடி உயரம் என்று சொன்னால் பெரிதாகத் தோன்றாது. நம் ஊர்ப்பக்கம் அதைவிட உயரமான மலைகள் உண்டு. ஏறும் வழியைப் பார்த்தால்தான் அந்த உயரத்தின் மதிப்பு புரியும். அடிவாரத்திலிருந்து ஒரே படிக்கட்டுதான் சுற்றிச் சுற்றி மேலே போகிறது. இடையிடையே மதிலும் வாயிலும் குறுக்கிடும். பாதிவழியில் கமலக்கன்னி அம்மன் கோயில். கடைசிக் கட்டத்தில், உச்சிக்குச் சற்றுக் கீழே, மலையே வெடித்துப் பிளந்தாற்போல ஒரு பிளவு: சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன் மேல் போட்டிருந்த மரப்பாலத்தை எடுத்துவிட்டால் உச்சி தனித்துவிடும். அந்தப் பாலத்தின் மறுமுனையில் ஒரு பத்துப் பேர் துணிந்து நின்றால், கீழே ஆயிரம் பேர் இருந்தும் பயனில்லை. உச்சியில் அரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, கருவூலம், களஞ்சியம், வெடிமருந்துக் கிடங்கு, ஒரு பீரங்கி எல்லாம் உண்டு. வீட்டில் எல்லாப் பண்டத்தையும் உறியில் வைப்பதில்லை. மிக அருமையானதைத்தான் வைப்போம். இங்கும் அப்படித்தான். மன்னன் வாழ்ந்த அரண்மனை கீழே. தப்ப வேண்டிய நாளில் மேலே கொண்டுபோக வேண்டியவை மட்டும் மேலே.

கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் தனித்தனி உறிகள். ஒரு குன்று போனால் மற்ற இரண்டும் தானாகப் போய்விடாது. ஒவ்வொன்றிலும் தனி மதில், தனிக் காவல், தனி இருப்பு. கிருஷ்ணகிரியை மக்கள் ராணிக் கோட்டை என்கிறார்கள். அங்கே கல்லால் கட்டிய நெற்களஞ்சியங்கள் இருக்கின்றன. நெய்க்கிணறு, எண்ணெய்க்கிணறு என்று காட்டும் தொட்டிகளும் இருக்கின்றன. நெய்யையும் எண்ணெயையும் கிணற்றளவில் சேர்த்து வைக்க நினைத்தவர்களுக்கு முற்றுகை என்றால் என்ன என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. அரிசியும் உப்பும் இருந்தால் மனிதன் உயிரோடு இருப்பான். கொழுப்பு இல்லாமல் பல மாதம் காவல் நிற்க மாட்டான். விளக்குக்கும் காயத்துக்கும் எண்ணெய் வேண்டும், கொதிக்கவைத்து ஊற்றவும் வேண்டும்.

இனிக் குதிரும் குடமும். இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

ராஜகிரி அடிவாரத்தில் கல்யாண மஹாலுக்கு அருகில் களஞ்சியம் இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் கல்யாண மஹாலின் அடுக்கடுக்கான மாடங்களில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு, களஞ்சியத்தை எட்டிப் பார்த்துவிட்டு இருட்டு என்று திரும்பிவிடுகிறார்கள். அந்த இருட்டு வேண்டுமென்றே செய்தது. சுவர் மிகக் கனம், கூரை வில்வளைவாகக் கட்டிய கூரை. வெளிச்சம் வரும் வழி குறைவு என்றால் வெயிலும் மழைச்சாரலும் வரும் வழியும் குறைவு. உள்ளே ஒரு நிமிடம் நின்றால் வெளியே அடிக்கும் வெக்கை அங்கே எட்டவில்லை என்பது தெரியும். நெல்லுக்கு எதிரி சூடு, ஈரம், பூச்சி மூன்றும். கனத்த சுவர் பகலிரவு வெப்ப ஏற்ற இறக்கத்தைத் தடுக்கும். ஏற்ற இறக்கம் இல்லையென்றால் உள்ளே வேர்த்து ஈரம் கட்டாது. நெல்லாகவே வைப்பதும் ஒரு காப்புதான். உமி இருக்கும் வரை பூச்சி எளிதில் ஏறாது. அரிசியாக்கிவிட்டால் சில மாதத்தில் வண்டு விழும். குதிரில் நெல் கொட்டும்போது வீட்டில் நொச்சித் தழை போடுவார்கள். மதிலைக் காக்கும் வீரர்கள் சூடியதாகப் பழைய இலக்கணம் சொல்லும் செடியும் அதே நொச்சிதான்.

எவ்வளவு நெல் வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளுக்கு நாளொன்றுக்கு 600 கிராம் அரிசி. 1,000 பேருக்கு 600 கிலோ. ஓராண்டுக்கு 219 டன் அரிசி. மூன்று பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்று வைத்தால் 330 டன் நெல், அதாவது 75 கிலோ மூட்டையில் சுமார் 4,400 மூட்டை. 1,000 பேருக்கு ஓராண்டுக்கு மட்டும் இது. செஞ்சியின் 13 கிலோமீட்டர் மதிலைக் காக்க 1,000 பேர் எந்த மூலைக்கும் காணாது. குதிரைக்குக் கொள்ளு, யானைக்குத் தழை தனி. திண்டிவனம் நெல் கமிட்டியில் அறுவடைக் காலத்தில் மூட்டைகள் அடுக்கியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த அளவு கண்ணுக்குத் தெரியும்.

தண்ணீர்க் கணக்கு இன்னும் சுவையானது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர் என்றால் 1,000 பேருக்கு ஓராண்டுக்கு 18 லட்சம் லிட்டர். 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் உள்ள குளம் அதைப் பிடித்துவிடும். கணக்கு முடிந்தது என்று நினைத்தால் வெயிலை மறந்துவிட்டோம் என்று பொருள். நம் பக்கத்து வெயில் திறந்த குளத்திலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய ஓர் ஆள் உயரத் தண்ணீரைக் குடித்துவிடும். 2 மீட்டர் ஆழக் குளம் கோடை முடிவதற்குள் சேறாகிவிடும். ஆகவே ஆழம் வேண்டும், பல இடத்தில் வேண்டும், நிழலில் வேண்டும்.

செஞ்சியில் இந்த மூன்றையும் செய்திருக்கிறார்கள். ராஜகிரி அடிவாரத்தில் செட்டிக்குளமும் சக்கரக்குளமும். கல்யாண மஹால் அருகில் ஆனைக்குளம். கல்யாண மஹாலுக்குச் சற்றுத் தொலைவிலிருந்து மண்குழாய் வழியாகத் தண்ணீர் வந்தது. மேலே ராஜகிரியில் நன்னீர்ச் சுனைகளும், அவற்றுக்குக் கீழே மழைநீரைப் பிடிக்கும் தேக்கங்களும். பாறை மலையை வறண்ட மலை என்று நினைக்கிறோம். மண் மலையில் விழும் மழையை மண் குடிக்கும். வெறும் பாறையில் விழும் மழை ஏறக்குறைய முழுவதும் வழிந்தோடும். ஒரு ஏக்கர் பாறையில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 40 லட்சம் லிட்டர். வழிந்து வருவதைச் சரியான இடத்தில் ஒரு குறுக்குச் சுவர் வைத்துத் தடுத்தால் போதும். பாறை இடுக்கில் தேங்கும் சுனையில் வெயில் நேராகப் படுவது சில நாழிகைதான். குன்றைத் தேர்ந்தெடுத்தவர்கள் உயரத்தைப் போலவே பாறையின் சரிவையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

திருக்குறளின் அரண் அதிகாரமும் உள்ளே உணவு நிறைந்திருப்பதை அரணின் இலக்கணத்தில் ஒன்றாக வைக்கிறது. சிவாஜியும் அதை அறிந்தவர். 1677-இல் செஞ்சியைப் பிடித்ததும் அவர் என்ன செய்தார் என்பதை அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் இருந்த ஆந்திரே ஃப்ரெய்ரே என்ற பாதிரியார் கடிதமாக எழுதியிருக்கிறார். புதிய மதில் கட்டினார், அகழி வெட்டினார், கோபுரக் காவல் எழுப்பினார், அவற்றோடு நீர்த்தேக்கங்களையும் அமைத்தார். ஐரோப்பியப் பொறியாளரும் குறை சொல்ல முடியாத வேலை என்று பாராட்டுகிறார். மராட்டியத் தலைநகரான ராய்கட்டிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் ஒரு கோட்டைக்கு ஏன் இவ்வளவு செலவு? அன்று அவருடைய அமைச்சர்களுக்கே அது புரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். விடை அவர் இறந்து ஒன்பது ஆண்டு கழித்து வந்தது.

1689-இல் சிவாஜியின் மூத்த மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றார். ராய்கட் வீழ்ந்தது. இளைய மகன் ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே ஓடி வந்து செஞ்சியில் புகுந்தார். மராட்டிய அரசே செஞ்சிக்குக் குடிபெயர்ந்தது. 1690-இல் முகலாயத் தளபதி ஜுல்ஃபிகர் கான் வந்து முற்றுகையிட்டார். முற்றுகை 1698 வரை நீண்டது.

இந்த எட்டாண்டுகளில் பட்டினி கிடந்தது யார்? நம் எண்ணம் உள்ளே இருப்பவர்கள் என்றுதான் ஓடும். 1692-93 மழைக்காலத்தில் பட்டினி கிடந்தது வெளியே இருந்த முகலாயப் பாசறை. சாந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வெளியே குதிரைப்படையோடு சுற்றிவந்து, பாசறைக்கு வரும் தானியத்தை வழியிலேயே மறித்தார்கள். வடகிழக்குப் பருவமழை கோட்டைக்குள் குளத்தை நிரப்பியது, வெளியே வண்டிப்பாதையைச் சேறாக்கியது. வந்தவாசியிலிருந்து தானியம் கொண்டுவர ஜுல்ஃபிகர் கானே நேரில் போக வேண்டியிருந்தது. திரும்பும் வழியில் தேசூர்ப் பக்கம் மராட்டியர் பாய்ந்தார்கள். பாசறையில் இருந்த ஔரங்கசீப்பின் மகன் காம்பக்ஷ் ராஜாராமோடு பேச்சு வைத்திருக்கிறார் என்று சந்தேகப்பட்டு அவரையே சிறைவைத்தார்கள். கடைசியில் முற்றுகையை விட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். செஞ்சிக்கும் வந்தவாசிக்கும் இடையே இன்று ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். அந்தத் தூரம் அன்று ஒரு பெரும்படையின் தொண்டையை நெரித்தது.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. 13 கிலோமீட்டர் மதிலைச் சுற்றி வளைக்க, வெளியே இருப்பவன் அதைவிட நீண்ட வளையம் போட வேண்டும். குன்றுகளும் காடும் குறுக்கே கிடக்கும் நிலத்தில் அப்படி முழுவதும் அடைக்க ஜுல்ஃபிகர் கானால் முடியவே இல்லை. ஒரு பக்கத்தில் ஆளும் பண்டமும் உள்ளே போய்வந்துகொண்டிருந்தன. தானியம் வந்துகொண்டிருக்கும் கோட்டையை முற்றுகையிட்டதாகச் சொல்லிக்கொள்வது பெயருக்குத்தான்.

அந்த நீளமே கோட்டையின் வியாதியும் ஆயிற்று. பெரிய வீட்டுக்குப் பெரிய அடுக்களை இருக்கலாம். காவல் காக்கக் கைகள் இல்லையென்றால் எந்த மூலையில் பூனை நுழைந்தது என்று தெரியாது. 1698 தொடக்கத்தில் முகலாயர் மெய்யாகவே மனம்வைத்துச் சந்திரகிரியில் ஏணி சார்த்தி ஏறியபோது ராஜாராம் முன்பே தப்பிப் போயிருந்தார். உள்ளே காவலும் மெலிந்திருந்தது. 1714 அக்டோபரில், செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜன் இறந்தது கோட்டைக்குள் இல்லை. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படை வந்தபோது, 22 வயது இளைஞன் சிறிய படையோடு மதிலைவிட்டு வெளியே வந்து வெட்டவெளியில் மோதினான். கதைப்பாடல் அவனுடைய வீரத்தைப் பாடுகிறது. அந்த வீரத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் உறியில் இருந்த நெய்யைத் தானே இறக்கித் தரையில் வைத்ததுபோல அந்த முடிவு அமைந்தது. மதில், குளம், களஞ்சியம் எதுவும் அன்று வேலையே செய்யவில்லை.

1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தார். வாயிற்கதவில் வெடி வைத்துத் தகர்த்து, இருட்டில் மூன்று குன்றின் மேலும் ஒரே நேரத்தில் ஏறினார்கள். விடிந்ததும் தாங்கள் ஏறி வந்த வழியைப் பார்த்து அவர்களே திகைத்தார்கள். உள்ளே போதிய காவல் விழித்திருந்தால் அந்தத் திருப்பங்களையும் படிகளையும் அவர்கள் தாண்டியிருக்க முடியாது. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்த பிறகு செஞ்சிக்கு உதவி வர வழியே இல்லை. கேப்டன் ஸ்டீபன் ஸ்மித்தின் படை கீழ்க்கோட்டைக்குள் புகுந்தபின்னும் ராஜகிரி மேல் பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள். உறி கடைசிவரை தன் வேலையைச் செய்தது. ஆனால் வெளியிலிருந்து இனி ஒரு மூட்டையும் வராது என்று தெரிந்தவர்கள் ஏப்ரல் 5ஆம் தேதி தாமாகவே இறங்கி வந்தார்கள். காய்ச்சலும் அவர்களை வாட்டியிருந்தது. பிரெஞ்சு வசம் இருந்த ஆண்டுகளில் செஞ்சிக் காய்ச்சலுக்குப் போன சிப்பாய்கள் ஏராளம். தேங்கிய குளம் குடத்து நீராக இருந்து காப்பாற்றியது போலவே, கவனிக்க ஆள் குறைந்தபோது கொசுவையும் வளர்த்தது.

கொரியாவிலும் இதே கதைதான் நடந்தது. 645-இல் தாங் வம்சப் பேரரசன் தைசோங் பெரும்படையோடு கோகுர்யோவின் அன்சி மலைக்கோட்டையை வளைத்தான். மாதக்கணக்கில் முட்டியும் கோட்டை அசையவில்லை. குளிர் தொடங்கியது, படைக்குத் தானியம் குறைந்தது, திரும்பிப் போனான். எதிரி வரும் வழியில் வயலை வெறுமையாக்கி, விளைச்சலையும் மக்களையும் மலைமேல் ஏற்றிக்கொள்வது கொரியர்களின் பழைய உத்தி. வெளியே இருப்பவன் பசிக்க வேண்டும், உள்ளே இருப்பவன் உண்ண வேண்டும். 1636 குளிர்காலத்தில் அது தலைகீழானது. மஞ்சூப் படை வேகமாக வந்துவிட்டதால் மன்னன் இன்ஜோ தான் நினைத்திருந்த கங்வா தீவுக்குப் போக முடியாமல், சியோலுக்குத் தெற்கே நம்ஹன் மலைக்கோட்டைக்குள் ஒதுங்கினான். பத்தே ஆண்டுக்கு முன் புதுப்பித்துக் கட்டிய, 12 கிலோமீட்டர் அளவு சுற்றுள்ள மதில். செஞ்சிக்கு ஏறக்குறைய சமம். மதிலை எதிரியால் உடைக்க முடியவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான வீரர்களுக்குச் சில வாரத்துக்குத்தான் தானியம் இருந்தது. 47ஆம் நாள் மன்னன் மலையிறங்கி வந்து சரணடைந்தான். செஞ்சி எட்டாண்டு, நம்ஹன் 47 நாள். மதில் ஏறக்குறைய ஒன்றுதான், அடுக்களை வேறு.

நம்ஹன் கோட்டை 2014-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. செஞ்சி 2025 ஜூலையில் சேர்ந்தது, மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் மகாராஷ்டிரத்தின் 11 கோட்டைகளோடு தமிழ்நாட்டின் ஒரே கோட்டையாக. 1921-இலேயே தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னமாக அறிவித்துத் தொல்லியல் துறை காத்துவருகிறது. நல்லது. இனிக் கூட்டம் கூடும். வருகிறவர்களுக்கு வழி காட்டும்போது களஞ்சியத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். முதலில் அந்த இருட்டறையில் நிற்கட்டும், பிறகு செட்டிக்குளமும் சக்கரக்குளமும், அதற்கு மேல் சுனைகள், அதற்கப்புறம் பாலமும் பீரங்கியும். மதிலில் சரிந்த கல்லை எடுத்து அடுக்குவதற்கு இருக்கும் அக்கறை, பாறையிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் இறங்கும் சிறு வாய்க்கால்களைத் தூர்வாரி அடையாளம் போடவும் வேண்டும். அவை புதரில் மறைந்து கிடக்கின்றன. வரைபடமாகப் பதிந்து, ஒவ்வொரு குளத்துக்கும் எந்தச் சரிவிலிருந்து நீர் வந்தது என்று பலகை வைத்தால், திண்டிவனத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஒரே நாளில் நடந்து பார்த்துவிடலாம். ஐப்பசி மழைக்கு மறுநாள் போனால் அந்த நீர் இன்றும் பழைய வழியில் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.